இருபத்தொன்பதாம் இதழ், பதினேழாம் பக்கம்

...இல்லை, 'வருகிறேன்' என்றுதான் எழுதியிருப்போம், எயினன் என்ன பட்டறைக்காரனா 'வாரேன்' என்று சொல்வதற்கு, படக்கதையின் முப்பத்தாறு இதழிலும் 'அஞ்சேல்', 'விலகி நில்' என்று அளந்து அளந்து பேசியவன், கணவாயில் தனியாளாக நின்று ஒரு படையையே மறித்தவன்... ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே, பதினைந்து வருடமாக லாரி பாடிகளில் எழுத்து எழுதி, மூளையைக் கேட்காமலே ஓடப் பழகிவிட்ட கை, அது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னத்தை எழுதித் தொலைத்தது என்று கந்தப்பனுக்கு இன்றைக்கு வரைக்கும் திட்டமாகத் தெரியவில்லை. பத்து மாதமாக இதே ரோதனை. சோற்றில் கை வைத்தால் 'வாரேன்', பிரஷ்ஷை டின்னில் முக்கினால் 'வாரேன்', இதோ எண்பத்து மூன்றாம் வருடப் பொங்கலுக்கு மறுநாள், நாமக்கல் தியேட்டரில், மேட்னி ஷோவில், பெஞ்சு டிக்கெட்டில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற போதும் அதேதான். பக்கத்தில் சென்னிமலை, டயர் ரீட்ரெடிங் கடைக்காரன், மன்றத் தலைவர், தன்னிடம் இருக்கிற பழைய இதழ்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, படம் ஓடும்போது பக்கம் பக்கமாகச் சரிபார்க்கப் போகிறானாம். டார்ச் வேறு கொண்டுவந்திருக்கிறான், பாவி.

'கணவாய்க் காவலன்' என்ற அந்தப் படக்கதை மெட்ராசிலிருந்து மாதம் ஒன்றாக வந்தது, எழுபத்தொன்றில் ஆரம்பித்து எழுபத்து நாலில் முடிந்தது, அதை வெளியிட்டவர்களும் அத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள். வரைந்தவர் பெயர்கூட எந்த மூலையிலும் கிடையாது. நாமக்கல்லில் அதைப் படித்தவர்கள் பதினோரு பேர், பதினோரு பேரும் லாரி சம்பந்தப்பட்டவர்கள், லோடு ஏற்றக் காத்திருக்கிற நேரத்தில் வேறு என்ன செய்வது, படித்தார்கள், ரசிகர் மன்றம் வைத்தார்கள், பிறகு சண்டை போட்டார்கள். எயினனின் குதிரை என்ன நிறம் என்பதில் மட்டும் நாலு வருடம் ஓடியது, கறுப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு வரைந்திருந்தால் அது சாம்பலா செவலையா, கடைசியில் சென்னிமலையும் பெட்ரோல் பங்க் அம்மாசியும் இரண்டு பொங்கலுக்குப் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் பேப்பரில் விளம்பரம், 'கணவாய்க் காவலன்' திரைப்படமாகிறது, முழுத் தொகுப்பு வைத்திருப்பவர்கள் தொடர்பு கொள்ளவும் என்று. முழுத் தொகுப்பு யாரிடம் இருக்கிறது? சேலம் ஜில்லா பூராவும் சலித்தாலும் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது, பைண்டு போட்டு, மேலே தன் கையாலேயே தங்க எழுத்தில் பெயர் எழுதி, தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற பெயிண்டர் கந்தப்பனிடம். எப்பேர்ப்பட்ட பெருமை! அந்தப் பெருமையில் நெஞ்சு விம்மி, பெட்டியைத் திறந்து பார்த்தால், கரையான். ஒரே ஒரு தாளைத்தான் தின்றிருந்தது, மகராசன், முப்பத்தாறு இதழில் ஒரே ஒரு தாள். இருபத்தொன்பதாம் இதழ், பதினேழாம் பக்கம். பின்பக்கம் வெறும் தைல விளம்பரம், அது போனால் போகட்டும். முன்பக்கம்தான், எயினன் கடைசிப் போருக்குக் கிளம்புகிற இடம், மனைவி மயிலியிடம் விடைபெறுகிற இடம், அது இல்லாமல் கதையே இல்லை.

ஒரு பக்கம் குறைகிறது என்று எழுதி அனுப்பியிருக்கலாம். நியாயமான மனுசன் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் முழுத் தொகுப்பு என்றல்லவா கேட்டிருந்தார்கள், குறைத் தொகுப்பு வைத்திருப்பவன் ஓமலூரில் ஒருத்தன் இருந்தான், அவன் முந்திக்கொண்டால்? பெண்டாட்டி ஆராயி அன்றைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், வீடு காலி, கந்தப்பன் கதவைச் சாத்திக்கொண்டு தேயிலைத் தண்ணீரில் தாளை நனைத்துக் காயவைத்துப் பழுப்பாக்கி, இண்டியன் இங்க்கைத் தொட்டு, அந்தப் பக்கத்தைத் தானே வரைந்தான். நினைவிலிருந்து வரைந்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நினைவு இருந்ததா? கட்டங்கள் எத்தனை, நாலா ஆறா? ஒரே கட்டமாகப் போட்டுவிட்டான், பக்கம் முழுக்க. எயினன் முன்னால் நடந்து வருகிறான், பின்னால் வாசலில் மயிலி. எயினனை லாரிப் பின்பக்கத்துக்கு வரைகிற அளவிலேயே வரைந்து தொலைத்ததால் இடம் போதவில்லை, மயிலியின் பேச்சுக்கு ஒரு சின்ன வட்டம்தான் மிஞ்சியது, அதில் 'ம்' என்று ஒரே எழுத்து. அவளை முதுகு காட்டி உட்காரவைக்கத்தான் நினைத்தான், முதுகு வரவில்லை, லாரிக்குப் பின்னால் அம்மனும் நடிகையும் வரைகிறவன் எந்தப் பொம்பளையின் முதுகை வரைந்து பழகியிருக்கிறான், முகம்தான் வந்தது, உடம்பு அந்தப் பக்கம், முகம் இந்தப் பக்கம், சரி, திரும்பிப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். ரிஜிஸ்டர் பார்சலில் போட்டு மூன்று நாள் கழித்து, ஒரு பல்லடம் வண்டிக்கு 'ஒலி எழுப்பவும்' எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் சுருக்கென்றது. எயினனின் வாயருகே வட்டத்துக்குள் எழுதியது 'வருகிறேன்' என்ற ஐந்தெழுத்தா? அவ்வளவு பெரிய வட்டமா போட்டோம்? இல்லையே, மூன்று நாலு எழுத்துக்குத்தானே இடம் இருந்தது...

அதற்குப் பிறகு வந்ததுதான் வினை. சினிமாக் கம்பெனியிலிருந்து கடிதம், சுவாமிநாதன் என்று உதவி டைரக்டர் கையெழுத்து, 'தங்கள் புத்தகத்தை வைத்தே ஒவ்வொரு காட்சியும் அமைக்கிறோம், ஒரு கோடும் மாறாது' என்று. அதை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கக் கூடாதா? பட்டறை பூராவும் காட்டினான், டீக்கடையில் உரக்கப் படித்தான். மன்றம் கூடியது, வதந்திகளும் கூடின, பாட்டு ஆறு வைத்திருக்கிறார்களாம், எயினனுக்கு ஒரு தங்கச்சி சேர்த்திருக்கிறார்களாம், கணவாயில் டான்ஸ் ஆடுகிறார்களாம், சென்னிமலைக்கு ரத்தம் கொதித்துவிட்டது, "ஒரு கோடு மாறுனாலும் படத்த ஓட உடமாட்டமப்பா, இத செவுத்துல எழுதோணும்" என்றான், எழுதுகிறவன் யார்? ஊரிலேயே நல்ல எழுத்துக்காரன். திருச்செங்கோடு ரோட்டுச் சுவரில், ஒரு முழ உயர எழுத்தில், நிழல் கொடுத்து, 'ஒரு கோடு மாறினாலும் ஒப்ப மாட்டோம்' என்று கந்தப்பனே எழுதினான். சென்னிமலை பக்கத்தில் நின்று, "எயினன் பேசற தமிழ்ல ஒரு காலுகூட எறங்கப்படாது, நம்மளாட்டம் வா போன்னு பேச வெச்சாங்கன்னா தெரையக் கிழிச்சுப்போடுவேன்" என்று சொல்லச் சொல்ல, 'ஒப்ப மாட்டோம்' என்பதன் கடைசி 'ம்'முக்கு வைத்த புள்ளி கோணிப்போய், கந்தப்பன் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். லாரிக்காரன் எவனாவது கேட்டிருந்தால் வெயில் என்று சொல்லியிருப்பான்.

விளக்கு அணைந்தது. விசிலில் காது அடைத்தது. முதலில் திரையில் ஒரு படம் நின்றது, அசையாமல், கோட்டுப்படமாக, முதல் இதழ் முதல் பக்கம், கணவாய், மேலே ஒற்றைக் கழுகு, அதே கழுகு, அதே இடது மூலை, ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றது, பிறகு கழுகு சிறகை அடித்தது! கோடுகள் நிறமாகிக் கல்லாகி மலையாகிவிட்டன. தியேட்டரே எழுந்துகொண்டது. சென்னிமலை டார்ச்சை அடித்து மடியில் பார்த்தான், மேலே பார்த்தான், மடியில் பார்த்தான், "அப்பிடியேப்பா... அப்பிடியே கெடக்குதுப்பா" என்று கந்தப்பனின் தொடையில் அறைந்தான், வலித்தது, வலிக்கட்டும். குதிரை வந்தது. நாலு வருடச் சண்டைக்குத் தீர்ப்பு வருகிறது என்று பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, குதிரை முதல் காட்சியிலேயே சேற்று ஓடையில் விழுந்து எழுந்து, படம் பூராவும் சேறு காய்ந்த நிறத்திலேயே ஓடியது, சாம்பலும் இல்லை செவலையும் இல்லை, அடடா அந்த டைரக்டர் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன், பின்வரிசையில் அம்மாசி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது, சென்னிமலையும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். பாட்டு? ஒன்றே ஒன்று, பதினோராம் இதழில் வருகிற தாலாட்டு, அதுவும் மூச்சு விடாமல் மூன்று நிமிடம். தங்கச்சி கிடையாது. டான்ஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் வந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்கிற மாதிரி வந்தது, ஒற்றைக் கண் கோட்டைத்தலைவன், கயிற்றுப் பாலம், விஷம் வைத்த மாதுளை, எல்லாம் எங்கே இருந்தன இத்தனை நாள், அந்தத் தகரப் பெட்டிக்குள்ளா? கந்தப்பனின் பெட்டிக்குள்ளிருந்து கிளம்பியா மெட்ராசுக்குப் போய் இப்படி உயிரோடு திரும்பி வந்திருக்கின்றன? நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, சந்தோசத்தில் பாதி, பயத்தில் பாதி. ஏனென்றால் ஒரு கோடு மாறவில்லையே. ஒரு கோடும் மாறாது என்றால் அந்தப் பக்கமும் மாறாது அல்லவா? தப்பும் தவறுமாக எடுத்திருந்தால் கந்தப்பன் தப்பித்திருப்பான், எல்லாத் தப்போடும் சேர்ந்து அதுவும் போயிருக்கும். இவ்வளவு யோக்கியமாக எடுத்துத் தொலைத்திருக்கிறார்களே!

இடைவேளை. ஆராயி பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள், பொம்மைப் புத்தகம் என்று பதினோரு வருடமாக ஏளனம் செய்தவள், "பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்று தடுப்புக்கு மேலாக ஒரு முறுக்கை நீட்டினாள். வாங்கினான், தின்னவில்லை. இருபத்தைந்தாம் இதழ் ஓடியது. இருபத்தாறு. போய் வெளியே நின்றுகொண்டால் என்ன, ஒன்றுக்குப் போகிற மாதிரி, சத்தம் எழும்பினால் அப்படியே பஸ் ஏறிச் சேலம் போய்விடலாம், சேலத்திலும் இதே படம்தான் ஓடுகிறது... இருபத்தெட்டு. சென்னிமலை மடியிலிருந்த இதழை மூடி வைத்துவிட்டான், "இந்தப் பக்கம் என்னுகிட்ட இல்லப்பா, உன்ற பொஸ்தகத்துலதான் இருந்துச்சு, இனி நீதான் சொல்லோணும் சரியா தப்பான்னு" என்று காதில் சொன்னான். கந்தப்பன் கையிலிருந்த முறுக்கை நொறுக்கினான். திரையில் விடிகாலை, மண் வாசல், தீவட்டிகள் அணைந்து புகைகின்றன, எயினன் வாளைக் கட்டுகிறான். மயிலி முதுகைக் காட்டிக்கொண்டு திரிகையில் கம்பு அரைத்துக்கொண்டிருக்கிறாள், ஐயோ, முதுகு, இவர்களுக்கு முதுகு எடுக்க வருகிறது. எயினன் வாசல்வரை நடந்தான். நின்றான். வாயைத் திறந்தான்.

"வாரேன்."

அவ்வளவுதான் சொன்னான். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான், முடிந்தது கதை, பதினைந்து வருட நட்பு, மன்றம், சுவர் எழுத்து, எல்லாம் முடிந்தது, இனி நாமக்கல்லில் தலைகாட்ட முடியாது... "ம்" என்று மயிலியின் குரல் கேட்டது, திரிகைச் சத்தத்துக்கு நடுவில், அவ்வளவு சின்னதாக. இன்னும் சத்தம் இல்லை. எவ்வளவு நேரம்? ஒரு மூச்சா, ஒரு வருடமா? பிறகு எங்கோ தரை டிக்கெட்டில் ஒரு கிழவர் குரல், "அடேய், அவன் நம்மூட்டுப் பையன்டா!" என்றது. இடி விழுந்தது. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், பெஞ்சுகள் சரிந்தன, துண்டுகள் பறந்தன, கணவாயில் அம்பு மழையைத் தாங்கியபோதுகூட எயினனுக்கு இப்படிக் கை தட்டவில்லை, தினமும் காலையில் லோடு ஏற்றிக் கிளம்புகிற ஒவ்வொரு டிரைவரும் ஒவ்வொரு கிளீனரும் சொல்லிவிட்டு வந்த சொல்லல்லவா அது, பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கிளம்பும்போது அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது, எயினன் என்ன மெட்ராசுக்காரனா, தூரதேசத்து ராசாவா, இந்த மண்ணுக்காரன், இங்கேயே பிறந்து இங்கேயே சாகப் போகிறவன்! கந்தப்பன் கண்ணைத் திறந்தபோது சென்னிமலை பெஞ்சு மேல் ஏறி நின்று கொண்டிருந்தான், திரையைக் கிழிக்கப் போகிறான் என்று ஒரு கணம் நினைத்தான், ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான், ஐம்பது கிலோ டயரை ஒற்றைக் கையில் தூக்குகிறவன் குழந்தை மாதிரி அழுதுகொண்டு, "சொன்னனல்லப்பா, எங்கூரான்னு அன்னைக்கே சொன்னனல்ல" என்றான். என்றைக்குச் சொன்னான்? எவனிடம் சொன்னான்? சொல்லட்டும், சொல்லட்டும், கந்தப்பனும் எழுந்து நின்று கத்தினான், என்ன கத்தினான் என்று தெரியாது, பத்து மாதத்தையும் சேர்த்து வைத்துக் கத்தினான்.

மீதிப் படம் ஓடியது, எயினன் ஜெயித்தான், கணவாய் மூடியது, கொடி ஏறியது, எல்லாம் கோட்டுக்குக் கோடு அப்படியே. வெளியே வெயிலில் பதினோரு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அம்மாசி சென்னிமலைக்குச் சோடா உடைத்துக் கொடுத்தான், இரண்டு பொங்கல் கோபம் அதிலேயே போயிற்று. "பாரு கந்தப்பா" என்றான் சென்னிமலை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பதினேழாம் பக்கத்த நானு எழுபத்து மூணுலயே படிச்சிருக்கறன், தர்மபுரி செக்போஸ்ட்டுல, லாரி மேல ஒக்காந்து. இதே 'வாரேன்'தான். எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது. அன்னைக்கும் அழுதேன்." சத்தியம் செய்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்துச் சொன்னான், பொய் சொல்கிற முகம் இல்லை அது. சொல்லிவிடலாமா? அது என் எழுத்துடா மடையா, தேயிலைத் தண்ணீரில் நனைத்த தாள்டா என்று? நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றுவிட்டது. ஒருவேளை நிஜமாகவே பழைய பக்கத்திலும் அப்படித்தான் இருந்திருந்தால்? யாருக்குத் தெரியும், கரையானுக்குத்தான் தெரியும். சொன்னால் யார் நம்பப் போகிறார்கள், நம்பினால் சென்னிமலையின் அழுகை என்ன ஆவது, தரை டிக்கெட் கிழவரின் குரல் என்ன ஆவது? நாமக்கல்லிலேயே ரகசியமாகச் சினிமா எடுத்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தபோது சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். ஒரு கோடு மாறவில்லை. கந்தப்பனின் கோடும்கூட மாறவில்லை.

ஆராயி கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசியா கண்ணீரா தெரியவில்லை. இருவரும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள், அவன் துள்ளி நடந்தான், அவள் இரண்டடி பின்னால். பிறகு அவள்தான், "ஏனுங்க" என்றாள், "அந்தப் பொம்பள 'ம்'முன்னு மட்டும் சொல்லிப்போட்டு மாவரைக்கறா பாருங்க, அவன் வாசலத் தாண்டுனதுக்கப்பறம் திரும்பிப் பாக்கறாளே, அத நீங்க கவனிச்சீங்களா?" கந்தப்பன் கவனிக்கவில்லை. அப்போது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், பிறகு கத்திக்கொண்டிருந்தான். "பாக்கறாளா?" என்றான். "பாக்கறா. அவன் தல மறையற வரைக்கும் பாக்கறா. அவன்தான் திரும்பல. அத எழுதுன புண்ணியவானுக்கு அது எப்புடீங்க தெரிஞ்சுது? போறவிங்களுக்குத்தான் அது தெரியாதுங்களே." சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்புப் போட மறந்ததைச் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு, ராசிபுரம் பஸ் நகர்கிறது, சீக்கிரம் வாங்க என்று முன்னால் போய்விட்டாள்.

முதுகு வரைய வராததால் போட்ட முகமல்லவா அது? அப்படித்தானே? இடம் போதாமல், பழக்கம் இல்லாமல், தப்பாகப் போட்டது... கந்தப்பன் நடுரோட்டில் நின்றான். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறான், அவள் எருமைக்கு அடியில் குந்தியிருப்பாள், பால் விழுகிற சத்தம் கேட்கும், அவன் 'வாரேன்' என்பான், அவள் 'ம்' என்பாள், எருமையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, அவ்வளவுதான், பதினோரு வருடமாக அவ்வளவுதான் என்றல்லவா இருந்தான். சந்து முக்கு வரைக்கும் எத்தனை தப்படி? அறுபதா, எழுபதா? அத்தனை தப்படியும் அவன் முதுகில் அவள் கண் இருந்ததா, ஒவ்வொரு நாளுமா, அவனுக்குத் தெரியாததைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கை வரைந்துவிட்டதா? கண்டக்டர் விசில் ஊதினார். ஆராயி படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "வாரீங்களா இல்லீங்களா?" என்று கூப்பிட்டாள். ஓடினான், ஓடும்போதே நாளைக் காலையை நினைத்தான். 'வாரேன்' சொன்னபின் சந்து முக்கில் ஒரு தரம் திரும்பிப் பார்க்கலாம், பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அவன் திரும்புவான் என்று தெரிந்துபோனால் அதற்குப் பிறகு அவள் பார்ப்பாளா?